ரோமாபுரி வயலினும் மீன்முள்ளும்

மக்கா,

நேற்று நெய்யாற்றின்கரையில், கண்ணில் சொட்டு மருந்து விட்டு, திறக்கக் கூடாது என்று சொல்லி என்னை ஆசுபத்திரி பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கூரை ஒலிபெருக்கியில் வயலின்கள் இழைந்தன. இரண்டாவது வரியிலேயே பிடித்துவிட்டேன். நீ கழுத்து நரம்பு புடைக்கக் கத்தும் அந்த ராக் பாட்டு, நூறு வயலினை உடுத்திக்கொண்டு வந்திருந்தது.

தொண்ணூறுகளில் பாறசாலைக்கும் கடலுக்கும் இடையே ராக் பாட்டுக்கு ஆடிய தலைகள் இரண்டே. ஒன்று உன்னுடையது, மற்றது நீ பிடித்து ஆட்டிவிட்ட என்னுடையது. நீ பாட்டு வைத்தால் ஆரியங்கோட்டு ரப்பர் மரங்கள் வெட்டாமலே பால் சுரந்தன என்பதற்கு நானே சாட்சி.

ஆனால் நீ ஆசைப்பட்டது ஸ்டெல்லாவை. அவள் அப்பா காஞ்சிரங்குளம் பக்கத்து மாதா கோயிலில் பாட்டு மாஸ்டர். அவர் ஆர்மோனியத்தில் கைவைத்தால் அலைகூட சுருதி பார்த்துத்தான் கரையேறும். “அந்தக் காட்டுக் கத்தல் கேக்கிறவனுக்கு எனக்க மவளைக் குடுக்க மாட்டேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வளைகுடாவிலிருந்து உன் அண்ணன் ஒரு கேசட்டில் பதிந்து அனுப்பினார். அதே ராக் பாட்டுகள். பாடுகிறவன் கிடையாது, பெரிய ஆர்கெஸ்ட்ரா வாசிப்பு. காலியாக இருந்த மறுபக்கத்தில் நீ அசல் பாட்டுகளைப் பதிந்து வைத்தாய். பெண் கேட்கப் போகும்போது வயலின் பக்கத்தைப் போட்டு மாஸ்டரைக் கவிழ்ப்பது என் ராஜதந்திரம். டேப்ரிக்கார்டரும் என்னுடையதே. ஒரு பக்கம் முடிந்தால் தானாக மறுபக்கம் வாசிக்கும் ரகம். மூன்று பஞ்சாயத்தில் அதைச் சொல்லிப் பீற்றிய நான், அன்றைக்கு மட்டும் மறந்துபோனேன்.

அவர் வீட்டில் வயலின் ஒலித்ததும் மாஸ்டர் கண்ணை மூடினார். கால் தாளம் போட்டது. சாயா ஆறியது.

“எலே, இது எந்தக் கோயில் பாட்டு?”

நீ வாய் திறக்குமுன் நான் முந்தினேன். “ரோமாபுரி ஆக்கும் மாஸ்டரே. அங்க பிஷப்பு மெத்ரான்மார் சாயா குடிக்கையில வாசிக்கிறது.”

டக்.

அடுத்து வந்த அலறலில் அந்த வீட்டுப் பூனை அடுத்த ஊரான கோட்டுகாலில் போய்த்தான் நின்றது. நான் அணைக்கப் பாய்ந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“இதாக்கும் அசல் பாட்டு மாஸ்டரே. இவன் சொன்னது பொய். எனக்கு இதுதான் பிடிக்கும். ஒளிச்சு வச்சு ஸ்டெல்லாவைக் கட்ட வேண்டாம்.”

கல்யாணம் கடலில் போயிற்று என்று நினைத்தேன். மாஸ்டரின் கால் மட்டும் தாளத்தை விடவில்லை. முழுப் பாட்டையும் கேட்டார். முதல் பக்கத்தைத் திரும்பப் போடச் சொல்லி அதையும் கேட்டார்.

“சுரம் அதேதான். பாடுகவனுக்குத் தொண்டையில மீன்முள்ளு குத்திட்டுண்டு. வேற குத்தமில்ல.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒனக்க நாக்குலதான்லே எலும்பில்ல, பொய்யாட்டு வளையுது. ரோமாபுரியாம்.”

போன வருடம் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, உன் வீட்டில் வைத்து ஸ்டெல்லா அந்தக் கேசட்டை என்னிடம் தந்தாள். “அண்ணே, ஒங்க பாட்டுப் பெட்டியிலதான் இது தானா திரும்பும்.”

ஆசுபத்திரியில் வயலின்கள் ஓய்ந்தன. மூடிய கண்ணோடு அந்த ‘டக்’குக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நானே நாக்கைத் தட்டி, மீன்முள் குத்தினவனாய் ஒரு வரி அலறினேன். நர்ஸ் ஓடி வந்து என் கன்னத்தைத் துடைத்தாள். கண் எரிகிறதா என்று கேட்டாள்.

“உண்டு மோளே, நல்லா எரியுது” என்றேன்.

என் நாக்கில் இன்னும் எலும்பு முளைக்கவில்லை, மக்கா.