உனக்குப் பூச வேண்டிய வெள்ளைக் களிமண்

அன்பு மகள் செர்வாவுக்கு,

மாம்போங்கிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாடியே சேதி சொல்கிறது. ஹாம்பர்க் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் ஒரு வரியில் சொன்னதை விவரமாக எழுதுகிறேன், நடுவில் சிரித்தால் என் பொறுப்பில்லை.

அனிமோடு வாழ முடியாது என்று நீ கிளம்பிய நாளிலிருந்து அவன் வீட்டார் பிடி கொடுக்கவில்லை. கல்யாணத்தன்று பெண்ணுக்காக அவர்கள் தந்த தலைமதுவுக்கு ஈடாக நாம் திருப்பிக் கொடுக்கும் மதுவை வாங்கிக்கொள்ளும்வரை நீ அவன் மனைவிதான். அது முடியாமல் ஊர்ப்பக்கம் வரமாட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா சரியாகச் சிரிக்கவில்லை. பிரிந்தே இருக்கட்டும், மனசு மாறும் என்றார் உன் தாய்மாமன் ஓவுசு. நான் குமாசியில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். சர்ச்சிலோ பதிவாளர் முன்போ கையெழுத்துப் போட்டிருந்தால் நீதிபதிதான் பிரிக்க வேண்டும், இது குடும்பங்கள் சேர்த்த கல்யாணம், குடும்பங்களே பிரித்துவிட்டு கோர்ட்டில் சத்தியம் செய்து பதிந்துகொள்ளலாம் என்றார். வழி தெரிந்தது, அனிம் வீட்டார் அசைய வேண்டுமே. கடைசியில் அசைத்தது அவன் கட்டிக்கொள்ளப்போகும் பெண். முதலில் செர்வாவை முறையாக அனுப்பிவிட்டு என்னிடம் வா என்றாளாம். அவள் நன்றாக இருக்கட்டும்.

சனிக்கிழமை நம் முற்றத்தில் கூடினோம். மதுவை வாங்கிக்கொண்டார்கள், ஆளுக்கொரு வாய் குடித்தோம். அப்புறம் அனிமின் மாமா வெள்ளைக் களிமண்ணை எடுத்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. தோளில் பூசினால்தானே பெண் விடுபட்டாள் என்று ஊர் நம்பும், பெண்ணோ ஹாம்பர்க்கில். உன் போட்டோவில் பூசலாம் என்றார் ஓவுசு. உன் அம்மா தோள்துணியை இறக்கிவிட்டு முன்னால் வந்து நின்றாள். "அவளைப் பெத்தவ நான் இருக்கேன். என் தோள்ல பூசுங்க." அனிமின் மாமா அவள் தோளிலேயே பூசிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூசியதை மறந்து அவள் அப்படியே சந்தைக்குப் போய்விட்டாள், வந்தவர்களுக்குச் சமைக்க வேண்டுமே. அவ்வளவுதான், நான் பெண்டாட்டியால் கைவிடப்பட்டவன் ஆனேன். சந்தைப் பெண்கள் கைதட்டி, பாடி, குழம்புக்கென்று கூடை நிறைய நத்தை கொடுத்து அனுப்பினார்கள். லாரி ஓட்டிய அகியம்போங், மனைவி போன பிறகு தனியாக இருப்பவர், நல்ல சேனையாகப் பார்த்து உன் அம்மாவுக்கென்று வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று உன் அம்மாவைக் கேட்டால், "இருக்கட்டும், ஃபுஃபு இடிக்க வாழைக்காய் மலிவாக் கிடைக்குது" என்கிறாள். ஞாயிறு சர்ச்சில் பாதிரியார் என் கையைப் பிடித்து ஜெபம் செய்தார். உன் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இத்தனை நாள் கழித்து அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் நாலு தடவை கைவிடப்படத் தயார்.

திங்களன்று இரு வீட்டாரும் கோர்ட்டில் சத்தியம் செய்தாயிற்று. அந்தத் தாள் இதோடு இருக்கிறது, பத்திரமாக வை, அங்கே கேட்டால் நகலைக் கொடு. கூடவே சின்னப் பொட்டலம் ஒன்று. களிமண்ணை அம்மா கழுவவில்லை, சுரண்டி மடித்திருக்கிறாள். "இது அவளோடது, நான் கடனாத்தான் பூசிக்கிட்டேன்" என்றாள். தோளில் பூசிக்கொண்டு தெருவில் ஒரு நடை போய்விட்டு வா.

கடவுள் உன்னைக் காக்கட்டும், நினைத்ததெல்லாம் கைகூடட்டும். டிக்கெட்டை சீக்கிரம் போடு. யாருடைய மனைவியாக வந்து நிற்பேன் என்று இனி நீ கேட்க முடியாது. எங்கள் மகளாக வந்து நில்.

உன் அப்பா,
ஒபோகு