ஏழாம் இடத்துச் சேறும் உன் செம்பு மோதிரமும்

உன் மோதிரத்தின் மேல் பழியைப் போட்டு, நாம் சேறு அள்ளிய ஏழாம் இடத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த மோதிரம் இப்போது என்னிடம் இருக்கிறது.

இன்று காலை ஆய்வகத்தில் நம் களப்பையைக் கழுவ எடுத்தேன். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்ததும் அலையாத்திக் காட்டுச் சேற்றின் அழுகிய முட்டை நாற்றம். உள்ளே மண் போடுகிற கவர் ஒன்று. அதில் உன் மோதிரம். மேலே உன் கோணல் எழுத்து: ‘மாதிரி எண் 0. செம்பு. படகு ஏறுமுன் கழற்றியது, காலை 6.40. சேத்துல போட்டுடாதீங்கடா.’

சிரித்தேன். அடுத்த நிமிடமே எதையாவது போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது.

சேறு அள்ள இரும்புக் கரண்டியைத் தொடவே விடமாட்டாய். என் வாட்சைக்கூடக் கழற்றச் சொல்வாய். “நாம தேடுறதே கடுகளவு உலோகம். அதையும் நாமளே கொண்டுபோய்ப் போட்டுட்டு வரணுமா?” என்பாய். அப்படிப்பட்டவனைத்தான் நம் ஆராய்ச்சிக் கைடு, செம்பு மோதிரத்தோடு சேற்றில் கைவிட்டவன் என்று எழுதினார். ஆதாரம், படகுத்துறையில் எடுத்த போட்டோ. அதில் விரலில் மோதிரம் பளிச்சென்று தெரிகிறது. நீ கழற்றியது அதற்குப் பிறகு. நான் அதற்குள் படகின் முன்பக்கம் ஏறி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். “கழற்றினதைப் பார்த்தியா?” என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அந்த உண்மை உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஏழாம் இடம் உனக்கு நினைவிருக்கும். பட்டறைக் கழிவு வாய்க்கால் காட்டுக்குள் நுழைகிற முனை. சேற்றுக்குள் இருந்த சிப்பி உன் விரலைக் கிழித்தது அங்கேதான். விரல் வீங்கிவிட்டதால் மோதிரத்தைத் திரும்பப் போடாமல் பையிலேயே விட்டிருக்கிறாய். மூன்று வாரத்தில் தஞ்சாவூர் ரோட்டில் லாரி உன்னை அடித்துவிட்டுப் போனது. அறிக்கை எழுதும்போது மறுத்துச் சொல்ல நீ இல்லை. ஸ்ரீரங்கம் கோபுரத்தடிக் கடையில் தான் வாங்கிக்கொடுத்த மோதிரத்தை ஆஸ்பத்திரியில் யாரோ உருவிக்கொண்டார்கள் என்று காட்டூரில் உன் அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த முனையில் ஆடு மேய்த்த அக்கா உன்னை விடவில்லை. “வருசா வருசம் வர்றீங்க, மண்ணை அள்ளுறீங்க, போறீங்க. என் ஆடு ஏன் சாவுதுன்னு ஒருத்தனும் சொல்லல.”

“நான் வந்து சொல்றேங்க்கா.”

“இப்படித்தான் போன தடவை வந்த தொப்பிக்காரரும் சொன்னாரு.”

“அவரு தொப்பி போட்டிருந்தாரு, நான் போடலையே!” என்றாய். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அலையாத்தி, சேற்றிலிருந்து எடுக்கும் உலோகத்தில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். இலைக்கு ஏறுவது கொஞ்சம்தான். மற்ற ஆறு இடங்களிலும் அப்படியே இருந்தது. ஏழில் மட்டும் ஆடு தின்கிற இலையிலும் செம்பு ஏறியிருந்தது. மோதிரம் சேற்றில் உரசியது என்றே வைத்துக்கொள்வோம். கழுவி, உலர்த்தி, அரைத்த இலைக்குள் அது எப்படிப் போகும்? கைடிடம் கேட்டேன். “இலையைப் பறிச்சதும் அதே கைதானேப்பா” என்றார். ‘மாதிரி சேகரிப்பில் நேர்ந்த கலப்பு’ என்று ஒரு வரி. முடிந்தது. வாய்க்காலுக்கு நிம்மதி.

முக்கொம்பில் மதகைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் சொன்னாய்: “மேல கொட்டுறதெல்லாம் கீழ போய் யார் வயித்துலயாவது உக்காரும்டா.” கொட்டியவன் பெயர் மட்டும் எந்த அறிக்கையிலும் வராது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாய்.

மத்தியானம் கவரைக் கைடின் மேசையில் வைத்தேன். படித்தார். “இது அவன் எழுதினதுதான்னு எப்படிச் சொல்லுவ?”

“ஃப்ரீசரைத் திறந்து பாருங்க சார். அத்தனை டப்பாவும் அவன் எழுத்துதான்.”

“இறந்த பையன் பேரை எதுக்கு இதுல இழுத்துக்கிட்டு...”

“இழுத்தது நீங்க சார்.”

மோதிரம் உன் அம்மாவுக்குப் போய்ச் சேரும். ஆனால் இப்போது இல்லை; இதுதான் சாட்சி. கவரைத் திரும்ப எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உன் மோதிரம் மட்டுமல்ல, அந்த அக்காவுக்கு நீ கொடுத்த வாக்கும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன்:

“ஏழாம் இடத்தை எப்ப சார் திரும்பச் சேர்க்கப் போறீங்க?”