குனிந்திருந்தபோது கேட்கப்பட்ட கேள்வி

அனுப்புநர்:
க. விஸ்வலிங்கம்,
கிடங்கு எழுத்தர்,
கெர்பாவ் சாலை,
சியோனான் (முன்னாள் சிங்கப்பூர்).

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
சியோனான்.

பொருள்: வீட்டுப் பிரசவ விதிக்கு மறுப்பே எழவில்லை என்ற பதிவை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வீட்டில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, இரண்டு நாள் முன்பே பிரசவத் தேதியைக் குறிப்பிட்டு அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்று புதிய விதி வரப்போவதாகத் தங்கள் அலுவலகம் அறிவித்தது. முடிவு செய்யுமுன் மக்கள் கருத்தைக் கேட்பதாகச் சொல்லி, சென்ற ஞாயிறு காலை எங்கள் வட்டாரத்தாரைத் திடலுக்கு அழைத்தது. இத்தனை பெருந்தன்மையை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. நம்பிப் போனோம்.

2. கூட்டம் வழக்கப்படி ஜப்பான் இருக்கும் வடகிழக்குத் திசை நோக்கிச் சக்கரவர்த்தியை வணங்குவதுடன் தொடங்கியது. கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பளவு குனிந்திருந்தோம். நிமிர உத்தரவு வருமுன்பே, மறுப்புள்ளவர்கள் கையை உயர்த்தலாம் என்று தங்கள் உதவியாளர் அறிவித்துவிட்டார். வணக்கத்தின் நடுவே கையைத் தூக்கினால் கன்னத்தில் என்ன விழும் என்பது இவ்வூரில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் நிமிர்ந்தபோது கூட்டம் முடிந்ததென்று அதிகாரிகளின் மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் அலுவலகப் பலகையில், மறுப்பே எழாததால் விதி ஒருமனதாக ஏற்கப்பட்டது என்றிருந்தது. மக்களின் முதுகுகளிடம் கருத்துக் கேட்ட அலுவலகம் உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

3. என் மனைவி பூரணத்துக்கு இது நிறைமாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. எங்கள் தெரு மருத்துவச்சி செல்லக்கண்ணு அம்மாள் அவளுக்காகச் சீட்டு கேட்டுப் போனார். தேதி சொல்லாததால் திருப்பி அனுப்பினார்கள். "தேதி புள்ளைக்குத்தாங்க தெரியும், அத நான் எப்படிக் கேட்டுச் சொல்றது?" என்றாராம். தேதியில்லாத படிவத்தை வாங்குவதில்லை என்று பதில் வந்தது. சீட்டில்லாமல் பிரசவம் பார்த்தால் அவருக்குச் சிறை. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது ஐயா, அதைவிடப் பயமாக இருக்கிறது.

4. ஆகவே அந்தப் பதிவை நீக்கி, நாங்கள் நிமிர்ந்து நிற்கும்போது அதே கேள்வியை மறுபடி கேட்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அதுவரை விதியை நிறுத்தி வையுங்கள்.

5. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பூரணத்துக்கு வலி கண்டுவிட்டது. சீட்டில்லாமல் செல்லக்கண்ணு அம்மாள் உள்ளே இருக்கிறார். வற்புறுத்தி அழைத்து வந்தவன் நான். ஆள் அனுப்புவதானால் என்னைப் பிடிக்க அனுப்புங்கள். அதையும் பிள்ளை அழும் சத்தம் கேட்ட பிறகு அனுப்புங்கள்.

இங்ஙனம்,
தங்கள் விதிக்கு உடன்படாத,
க. விஸ்வலிங்கம்

இடம்: சியோனான்
நாள்: ஜப்பானிய ஆண்டு 2603 (1943), ஆகஸ்ட் 19