இடப்பக்கம் மேலே

9.6.1996, ஞாயிறு

கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் ஹிரோக்கோ என்னை மறித்தாள். எங்கள் சீனியர்ஸ் பில்டிங்கில் ஏழாம் மாடிக்காரி. யப்பான்காரி, எழுபத்துமூன்று வயது. வருகிற மாதம் பதின்மூன்றாம் திகதி அவர்களுடைய கோயிலில் செத்தவர்களுக்காக ஆடுவார்களாம். கோடையில் ஒருமுறை செத்தவர்கள் வந்துபோவார்களாம். அவர்களைச் சந்தோசமாக வழியனுப்பத்தான் ஆட்டமாம். உன் மனிசனுக்காக நீயும் வந்து ஆடு என்றாள். என் இங்கிலீசுக்கு விளங்கியது இவ்வளவுதான்.

ஒரு பையும் தந்தாள். உள்ளே யூக்காத்தா. வெயில் காலத்துக்கு அவர்கள் உடுக்கிற பருத்தி அங்கி. கருநீலம், அதில் உள்ளங்கை அளவு வெள்ளைப் பூக்கள்.

பதினொரு வருஷமாக நான் நிறம் உடுத்தவில்லை. இல்லை, அப்படி எழுதுவது பிழை. உடுத்த விடவில்லை. 1985 ஆவணி, ஊரில் என் மனிசன் செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிந்த அன்று இவருடைய தங்கச்சி மங்கையற்கரசி என் அலுமாரியைத் திறந்து சீலைகளை எடுத்து நிலத்தில் அடுக்கினாள். "இனி உங்களுக்கு உதுகள் ஏன், மச்சாள்?" பத்தொன்பது சீலை. எது யாரிடம் போனது என்று இன்றைக்கும் சொல்வேன். மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம் அவளிடமே போனது. போன வருஷம் இங்கே பிறம்ரனில் ஒரு கலியாணத்துக்கு அதையே உடுத்திக்கொண்டு வந்து, என் முன்னால் நின்று "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டாள்.

பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

11.6

போட்டுப் பார்த்தேன். மிச்சத் துணியைச் சீலைபோலக் கொய்து செருகி மூன்று ஊசி குத்தினேன். குசினிவரை நடக்க ஒன்று கழன்று தொடையில் ஏறியது. மூதேவி உடுப்பு.

15.6, சனி

இன்று ஊசி இல்லாமல் கட்டினேன். இடுப்புப் பட்டியையும் நானே இறுக்கினேன். பெருமையாக லிஃப்டில் ஏறி ஏழாம் மாடிக்குப் போனேன்.

கதவைத் திறந்த ஹிரோக்கோ வாயைப் பொத்திக்கொண்டாள். என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பட்டியை அவிழ்த்தாள். வலப்பக்கத் துணி மேலே வரும்படி கட்டியிருக்கிறேனாம். அது பிணத்துக்குக் கட்டுகிற விதமாம். உயிரோடு இருக்கிறவர்களுக்கு இடப்பக்கம்தான் மேலே வரவேண்டுமாம்.

ஐம்பத்திரண்டு வருஷம் சீலை உடுத்த கை. வலப்பக்கத்தால் துணியைக் கொண்டுவந்து இடத்தோளில் போட்டே பழகிய கை. அது தன்பாட்டில் செய்துவிட்டது.

கட்டிவிடும்போது அவளுடைய விரல் நடுங்கியது. நான் ஒரு நிமிஷம் பிணக்கோலத்தில் நின்றதற்கு அந்த மனிசி பயந்துபோனாள். பதினொரு வருஷம் வெள்ளைச் சீலையோடு என்ர சனத்துக்கு நடுவில நிக்கிறன். ஆருக்கு விரல் நடுங்கினது?

23.6

இடப்பக்கம் மேலே. முதுகுத் தையல் நடுவில். மிச்ச நீளத்தை இடுப்பில் ஒரே மடிப்பாக மடித்துக் கயிறு. அதன்மேல் பட்டி. முடிச்சை முன்னால் போட்டு முதுகுக்குத் திருப்பவேண்டும். இன்று பத்துத் தரம் கட்டினேன். ஏழு தரம் சரி.

ஆட்டமும் பழக்கினாள். ஒன்றில் மண்வெட்டியால் கொத்தி அள்ளித் தோளுக்கு மேலால் எறிகிறமாதிரி. அது எனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை.

ஹிரோக்கோவும் மறக்கிற சாதி இல்லை. உலகச் சண்டைக் காலத்தில், யப்பான் சனம் என்று இவர்களை இந்த நாட்டுக்காரர் வன்கூவர்ப் பக்கத்திலிருந்து பிடித்து ஏற்றிக்கொண்டுபோய் மலைக்குள் அடைத்தார்களாம். பறித்து விற்ற தகப்பனின் மீன்பிடி வள்ளத்தை வாங்கினவனுடைய பெயரைச் சொன்னாள். வள்ளத்தின் நிறத்தையும் சொன்னாள். எனக்கு அவளை நன்றாகப் பிடித்துவிட்டது.

30.6, ஞாயிறு

மகன் நவரட்ணம் வந்தான். கதிரையில் கிடந்த யூக்காத்தாவைத் தொடாமல் பார்த்தான்.

"அம்மா, உங்களுக்கு விசரே? உதைக் கட்டிக்கொண்டு ஆடப்போறியளாம்."

"ஓம்."

"சனம் கதைக்குது."

"கதைக்கட்டும். நான் செத்தாலும் கதைக்கும்."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். ஓகஸ்டில் பேத்தி நிலாணியின் சாமத்தியச் சடங்கு. குடும்பத்துக்கு மூத்த சுமங்கலி என்று மங்கையற்கரசிதான் முதல் ஆலாத்தி எடுக்கவேண்டும். நான் ஆடினால் அவள் வரமாட்டாளாம். "மாமி வராட்டில் சடங்கு என்னண்டு நடக்கும்? ஒண்டில் உந்த ஆட்டத்தை விடுங்கோ. இல்லாட்டில் சடங்குக்கு வராதேங்கோ."

பெத்தவளிட்டச் சொல்லுறான். வராதேங்கோ எண்டு. பெரியபிள்ளை ஆனண்டைக்கு நிலாணிக்கு முதல் தண்ணி வார்த்தது ஆர்? மூண்டு வருஷம் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வந்தது ஆர்? அப்ப இந்த வெள்ளைச் சீலை ஒருத்தருக்கும் குத்தேல்லையே?

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டான். நான் குடிக்கச் சொல்லவுமில்லை.

1.7

ஆடப் போவேன்.

6.7

யூனியன்வில்லில் இருந்து மச்சாள் மங்கையற்கரசி போன் எடுத்தாள்.

"வயசு போன நேரத்தில கூத்தாடப் போறியளாமே, மச்சாள்?"

"ஓம். பாக்க வாறியளோ?"

"அண்ணையின்ர ஆத்துமா பொறுக்காது."

"உங்கட அண்ணையோட முப்பத்தொன்பது வருஷம் படுத்தெழும்பினது நான். அவர் பொறுப்பார்."

வைத்துவிட்டாள். நான்தான் முதலில் வைக்க நினைத்திருந்தேன்.

ராத்திரி நிலாணியை நினைத்து நித்திரை வரவில்லை. அந்தப் பிள்ளை சடங்கு மணவறையில் இருக்கும்போது நான் இந்த அறையில் டிவி பார்த்துக்கொண்டு இருப்பேனோ? இருந்தால் இருக்கட்டும்.

14.7, ஞாயிறு

நேற்று ஆடினேன்.

நானே கட்டினேன், ஒரே தரத்தில். ஹிரோக்கோ சுற்றிவந்து பார்த்தாள். ஒரு இடமும் தொடவில்லை.

ஆட்டத்துக்கு முன் கடதாசி விளக்குகளில் அவரவர் செத்தவர்களின் பெயரை எழுதித் தொங்கவிட்டார்கள். என்னிடமும் கறுப்பு மார்க்கரைத் தந்தார்கள். இவருடைய பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. எங்கள் பெண்டுகள் சொல்வதில்லை. ஒஃபீசில் கேட்டால் நவரட்ணத்தின் முகத்தைப் பார்ப்பேன், அவன் சொல்லுவான். நேற்று எழுதினேன். தில்லையம்பலம். ஐந்தாம் வகுப்புப் படித்தவளின் எழுத்து, பெரிதாகச் சரிந்து கிடந்தது. வாசிக்கலாம்.

வட்டமாகத்தான் ஆட்டம். முன்னுக்கு இவள், பின்னுக்கு இவள் என்று யாரும் நிற்பாட்டவில்லை. நான் கொத்தி அள்ளி எறிந்தேன். யாரை எறிந்தேன் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

மூன்றாவது ஆட்டத்தில்தான் நவரட்ணத்தைக் கண்டேன். கார் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேலி ஓரமாக நின்றான். என்னைக் கூட்டிக்கொண்டுபோக வந்திருக்கிறான். நான் நிற்பாட்டவில்லை. முடியும்வரைக்கும் ஆடினேன். திரும்பிப் பார்க்க, அவன் விளக்குகளுக்குக் கீழே அண்ணாந்துகொண்டு நின்றான்.

காரில் வரும்போது கேட்டான்: "ஐயாவின்ர பேரை ஆர் எழுதினது?"

"நான்தான்."

இவர் செத்தபோது அவன் ஊரை விட்டு இங்கே வந்து ஒரு வருஷம். அகதிக் கேஸ் முடியாமல் திரும்பிப் போக ஏலாது. கொள்ளி வைத்தது இவருடைய தம்பியின் மகன். அதைப்பற்றி அவன் இதுவரைக்கும் என்னிடம் ஒரு சொல் கதைத்ததில்லை. நேற்று பில்டிங் வாசலில் இறங்கிவந்து கதவைத் திறந்துவிட்டான். பட்டி நசியாமல் இறங்கச் சொன்னான்.

11.8

மருமகள் யோகமலர் வந்து மேசையில் ஒரு பையை வைத்துவிட்டுப் போனாள். கத்தரிப்பூ நிறச் சீலை, கரையில் மெல்லிய சரிகை. "நிலாணி தெரிஞ்செடுத்தது, மாமி" என்றாள். "அப்பம்மா வராட்டில் தான் குளிக்கவும் மாட்டன் எண்டு நிக்கிறாள்." நவரட்ணம் என்ன சொன்னவன் என்று நான் கேட்கவில்லை. காசு அவன்தானே குடுத்திருப்பான்.

18.8, ஞாயிறு

சடங்கு முடிந்தது. மச்சாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், வரவில்லை. யோகமலரின் தமக்கை முதல் ஆலாத்தி எடுத்தாள். கூரை இடிந்து விழவில்லை.

மேடைக்குப் பக்கத்தில், முன்வரிசையில், மச்சாளுக்கென்று கடதாசியில் பெயர் எழுதி ஒட்டிய கதிரை சும்மா கிடந்தது. கடதாசியை உரித்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அந்தக் கதிரையிலேயே இருந்தேன். பின்னால் கொஞ்சப்பேர் குசுகுசுத்தார்கள். ஒருவரும் எழுப்பவில்லை.

நவரட்ணம் வீடியோக்காரனின் தோளில் தட்டி இந்தப் பக்கம் காட்டினான். அவன் வந்து என்னை நெடுநேரம் எடுத்தான். நான் கத்தரிப்பூச் சீலையின் தலைப்பை விரித்துவிட்டு நிமிர்ந்து இருந்தேன்.

மச்சாள் எப்படியும் இந்த வீடியோவில் ஒரு கொப்பி வாங்கிப் பார்ப்பாள்.