ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு கேலன்

1943 ஜூன் 8, செவ்வாய்

காலையில் பார்த்தால் படகின் அடியில் முழங்கால் தண்ணீர். நேற்றுக் கடலில் இறங்கிய வேகத்தில் மூன்று ரிவிட் ஆணி கழன்றிருக்கிறது. துளைகளில் பென்சிலைச் செருகி, அடித்து, ஒடித்துவிட்டேன். போருக்கென்று கட்டிய பறக்கும் படகு, பள்ளிக்கூடப் பென்சிலின் தயவில் மிதக்கிறது.

நான் இந்தக் குழுவுக்கு எஞ்சினியராக வந்து மூன்று வாரம். எனக்கு முன்னால் இருந்த பாஸ்க், மலேரியாவோடு பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

மதியம் நிர்வாக அதிகாரி ஃபென்விக் கூப்பிட்டார். எங்கள் கேப்டன் ஹேடோவுக்குச் சிலுவைப் பதக்கம் கேட்டு நேற்றுப் பரிந்துரை எழுதிவிட்டார்கள். 1938-ல் சேர்ந்தது, மோர்ஸ்பியிலிருந்து பறந்தது, ஆயிரத்து நூறு மணி நேரம் என்று எல்லாம் டைப் அடித்து இருக்கிறது. முக்கியமானது மே மாதப் பயணம். எதிரியின் கவியெங் துறைமுக வாயிலில், கீழிருந்து சுடச் சுட மூன்று முறை சுற்றிவந்து கண்ணிவெடி போட்டாராம். அந்தப் பயணத்தில் பாஸ்க் எழுதிய பெட்ரோல் செலவுத் தாளை நான் நல்ல கையெழுத்தில் நகல் எடுத்துத் தர வேண்டும். இது எஞ்சினியர் வேலையா, குமாஸ்தா வேலையா?

ஜூன் 9

நகல் எடுத்தேன். கை சும்மா இருக்கவில்லை, கணக்கும் போட்டுவிட்டேன்.

கேப்டனின் பதிவேட்டில் 20 மணி 40 நிமிடம். பாஸ்க்கின் தாளில் செலவு 1190 கேலன். இந்தப் படகு மணிக்கு 69 கேலன் குடிக்கும். மூன்று வாரமாக மானியைப் பார்த்து நானே எழுதுகிறேன். ஒன்று கூடும், ஒன்று குறையும், அவ்வளவுதான். வகுத்தால் பதினேழே கால் மணி. மீதி மூன்றரை மணி நேரம் எஞ்சின் எதைக் குடித்து ஓடியது?

ஓடவில்லை என்றால்? இது படகு. வழியில் ஏதாவது தீவின் மறைவில் இறங்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, மூன்றரை மணி நேரம் மிதந்துவிட்டு, சரியான நேரத்துக்குத் திரும்பிவிடலாம். கண்ணிவெடி கடலடியில். யார் எண்ணப் போகிறார்கள்?

ஜூன் 10

ரேடியோக்காரன் டல்லி மே மாதம் அந்தப் பயணத்தில் இருந்தவன். வழியில் எங்காவது இறங்கினீர்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஆமா மாப்ளே, இறங்கினோம். மீன் புடிச்சோம். கேப்டன்தான் வறுத்தாரு."

மெஸ்ஸே சிரித்தது. விளையாட்டில்லை, சொல் என்றேன்.

"காலி பீர் பாட்டில் கழுத்துல பிளேடைச் செருகி இருபது பாட்டில் தள்ளிவிட்டேன்டா. குண்டு மாதிரி விசிலடிச்சுக்கிட்டே போச்சு. கீழே விளக்கெல்லாம் அணைஞ்சுது. மீனுக்கு ஏதுடா விளக்கு?"

மறுபடி சிரிப்பு. சிரிக்காமல் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒருவன்கூடப் பதில் சொல்லவில்லை. கவனித்துக்கொண்டேன்.

ஜூன் 12

படைத்தலைவருக்கு ஒரு பக்கம் எழுதினேன். யாரையும் திட்டவில்லை. எண்கள், வகுத்தல், விடை.

ஃபென்விக் இரண்டு முறை படித்தார். "இது உள்ளே அவர்கிட்டே போயிட்டா போனதுதான்ப்பா. நிச்சயமாத் தெரியுமா?"

"கணக்கு நிச்சயம், ஸார்."

பாஸ்க்குக்கும் ஒரு கடிதம் போட்டேன். அந்தத் தாளை யார் சொல்லி, எப்படி எழுதினாய்?

ஜூன் 14

பரிந்துரையைப் படைத்தலைவர் கிழித்துப் போட்டுவிட்டார். விசாரித்த பிறகு வேண்டுமானால் புதிதாக எழுதலாமாம்.

ஹேடோ என்னைப் படகுத்துறையில் பிடித்தார். கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை.

"நான் போகலைங்கிறியா, ரிட்லி?"

"எண் அப்படித்தான் சொல்லுது, ஸார்."

"எண்ணைத்தானே நம்புற? அப்ப எண்ணையே கேளு. என்னைக் கேக்காதே."

போய்விட்டார். தப்புச் செய்யாதவன் சட்டையைப் பிடித்திருப்பான் அல்லவா? இவர் ஏன் இவ்வளவு அமைதி?

ஜூன் 15

மெஸ்ஸில் என் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. தாராளமாக இடம்.

ஜூன் 17

குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எனக்குப் பதில் ஆப்ஸ்லி என்பவன். எனக்குப் பட்டறை வேலை.

டல்லி வழியில் நிறுத்தினான். "அவருக்கு மெடல் வெறும் தகரம்டா. நீ அவரு பேருல ஓட்டை போட்டுட்டே. பென்சில் வச்சு அடைப்பியா அதை?"

கோபம் வந்தது. உண்மை பேசினால் துரோகியா? மூன்றரை மணி நேரத்துக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்!

ஜூன் 25, வெள்ளி

பாஸ்க்கின் கடிதம் வந்தது.

"ஏண்டா, நான் பிரிட்டிஷ் படகுல பழகினவன். இந்த அமெரிக்கப் படகுல பெட்ரோல் மானி அமெரிக்கக் கேலன் காட்டும். பெட்ரோல் ஊத்துறவன் நம்ம கேலன்லதான் ஊத்துவான். அதனால மானியைப் பார்த்து மனசுக்குள்ளேயே மாத்தி, நம்ம கேலன்லதான் எழுதுவேன். நீ மாத்தாமயா எழுதுற? சோம்பேறிப் பயலே."

நம் கேலன் ஐந்து, அமெரிக்கக் கேலன் ஆறு. 1190 என்பது 1428. மானி காட்டும் 69-ஆல் வகுத்தால் இருபது மணி நாற்பத்திரண்டு நிமிடம்.

இரண்டு நிமிடம்தான் வித்தியாசம். போயிருக்கிறார். போய், மூன்று முறை சுற்றி, போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். தாளில் வெறும் 'கேலன்' என்று இருந்தது. எந்தக் கேலன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு!

ஓடினேன். படகுத்துறையில் ஹேடோ கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"ஐந்துக்கு ஆறு. இதைக் கண்டுபிடிக்கப் பதினாறு நாளா?"

"மன்னிச்சிடுங்க, ஸார்."

"என்கிட்டே ஏன் சொல்ற? எழுதிக் கொடு." பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "பதக்கம் வருதுன்னு வீட்டுக்கு எழுதித் தொலைச்சிட்டேன்ய்யா. என் பொண்டாட்டி எங்க ஊரு டூவூம்பா பூரா சொல்லிட்டா."

நாளைய பயணத்துக்கு நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"பேர் எழுதியாச்சு. ஆப்ஸ்லி வர்றான். அடுத்த வாரம் பாக்கலாம்."

ஃபென்விக்கிடம் எழுதிக் கொடுத்தேன். படைத்தலைவர் ஊரில் இல்லை. திங்கள்தான் வருவார்.

ஜூன் 26

மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். நான் கரையில்.

ஜூன் 27, ஞாயிறு

காலை 11.40-க்கு வந்திருக்க வேண்டும். ஒரு மணிக்குப் பெட்ரோல் தீர்ந்திருக்கும். எந்தக் கேலனில் போட்டாலும்.

ஜூன் 29

ஒரு தீவுக்கருகே இறக்கையின் மிதவை ஒன்றும் இரண்டு உடல்களும். ஒன்று ஹேடோ. படகில் போனவர்கள் மொத்தம் ஒன்பது பேர். டல்லி. என் இருக்கையில் ஆப்ஸ்லி.

நான் சாப்பிட்டேன். தூங்கினேன். எப்படி முடிகிறது?

ஜூலை 1

ஃபென்விக்கிடம் போனேன். புதுப் பரிந்துரை என்ன ஆயிற்று?

"செத்தவங்களுக்கு இந்தச் சிலுவை கிடையாதுப்பா. உயிரோட இருந்தப்பவே பரிந்துரை எழுதியிருக்கணும். அதான் சட்டம்."

"எழுதினீங்களே. ஜூன் ஏழு."

"அது கிழிஞ்சு போச்சு. யாரால கிழிஞ்சுதுன்னு உனக்குத் தெரியும்."

கதவைச் சாத்தினேன். பிறகு சொல்லிவிட்டேன். "மறுபடியும் ஜூன் ஏழுன்னே அடிங்க, ஸார்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீயா சொல்றே?"

"நான்தான்."

ஜூலை 2

தேதி ஜூன் 7. படைத்தலைவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். எரிபொருள் தாளுக்கு எஞ்சினியரின் சான்று வேண்டும். நானே எழுதி, நானும் ஜூன் 7 என்று தேதி போட்டேன். நான் முன்பு கொடுத்த புகாரையும் திருத்தத்தையும் ஃபென்விக் என்னிடமே நீட்டினார். "இதெல்லாம் வரவே இல்லை." அடுப்பில் போட்டேன்.

அக்டோபர் 19

பதக்கப் பட்டியல் வந்தது. ஹேடோவின் பெயர் இருக்கிறது. அவர் மனைவிக்குத் தந்தி போய்விட்டதாம்.

கோப்பைக் கேட்டு வாங்கி, என் சான்றை இன்னொரு தரம் படித்தேன். '1190 கேலன், பிரிட்டிஷ் அளவு' என்று தெளிவாக எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன். ஜூன் 7 அன்று அது எனக்குத் தெரியாது. ஜூன் 12 அன்று என் கையெழுத்திலேயே பாஸ்க்குக்குப் போன கடிதம் அதைச் சொல்லும். என்னைப் போல ஒருவன் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவான்.

கோப்பைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஃபென்விக் கேட்டார்.

சரியாக இருக்கிறது, ஸார் என்றேன்.