கம்பெனி வக்கீல் அக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். டிக்கோயா ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை விடாமல் குடிக்கிறீர்களா?

இங்கே அமெரிக்காவில் எங்கள் கம்பெனிமேல் யாரோ வழக்குப் போட்டதில் நான் சாட்சி சொன்னேன். என்மேல் குற்றமில்லை, பயப்படாதீர்கள். கம்பெனி வக்கீல் மாலதி அக்காவும் தமிழ்தான். எப்படிப் பதில் சொல்வதென்று மூன்று நாள் பழக்கினார். தினமும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

விசாரணை கோர்ட்டில் இல்லை, ஒரு ஆபீசில் மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்டதும், நம் தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கும்போது துரைக்கு முன்னால் நிற்பதுபோல் எழுந்துவிட்டேன். "உக்காந்தே சொல்லுங்க தம்பி" என்று அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

முடிந்ததும், "இனி எப்பக்கா பாக்கிறது?" என்றேன். "நான் கம்பெனிக்குத்தான் வக்கீல் தம்பி, உங்களுக்கு இல்ல. முதல் நாளே சொன்னேனே" என்றார். சொல்லியிருந்தார்தான். தமிழில் பேசியதில் மறந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. தங்கச்சியின் போனில் உங்கள் குரலைப் பதிந்து அனுப்புங்கள். "சாப்பிட்டியாடா" என்று மட்டும் சொன்னால் போதும்.

ஜூட்சன்