மாதா கோயிலடியில் நின்ற படகுகள்

இன்று காலைத் தபாலில் ஒரு விழா அழைப்பிதழ் வந்தது. தடித்த, வழுவழுப்பான தாள். உறையைக் கிழித்ததும் அச்சு மையின் மணம் மேசையெங்கும் பரவியது. முகப்பில் முல்லைத்தீவுக் கடலின் வரைபடம். அதில் சிவப்புப் புள்ளிகளாகப் படகுகள். கீழே, "நேரடித் திரையில் நம் மீனவர்கள்" என்று ஒரு வரி. நீ உயிரோடு இருந்திருந்தால் அதை நாலாக மடித்து, ஆடுகிற கதிரைக் காலுக்கு அண்டை கொடுத்திருப்பாய். நான் அதைக் கோப்பில் வைத்துவிட்டு, பிற்பகலில் உனக்கு எழுத உட்கார்ந்தேன். படகுச் செயலித் திட்டத்தை நடத்தும் கொழும்புத் தலைமையகத்தின் மீதான என் முறைப்பாடுகளை முதலில் நாள் வரிசைப்படி வைக்கிறேன்.

1. ஆனி, சோளகம் வீசிய கிழமை. கிளிநொச்சியில் குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் கடற்றொழில் குடும்பங்களை இருத்தி, மதியச் சாப்பாட்டுப் பார்சலும் கொடுத்து, "செயலி இலகுவாக இருக்கிறதா?" என்று கேட்டார்கள். உண்ட இடத்தில் குறை சொல்லாத சனம், "ஓம், நல்லாயிருக்கு" என்றது. இதற்குப் பயனர் சோதனை என்று பெயர் வைத்தார்கள்.

2. ஆவணி நடுப்பகுதி. கரைக்கு ஒரு தடவையேனும் வராமலே, "மீனவர்களுக்கு வரைபடம் வாசிக்கத் தெரியவில்லை" என்று அறிக்கை எழுதினார்கள்.

3. ஐப்பசி. உன் செத்தவீட்டுக்கு அங்கிருந்து எவரும் வரவில்லை. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் எட்டாம் நாள் உன் எட்டுச் செலவுச் சடங்கு முடியுமுன்னரே, எஞ்சியிருந்த சோதனைகள் தேவையற்றவை என்று திட்டத்திலிருந்து வெட்டிவிட்டார்கள்.

4. மாசி, இன்று. மேற்படி அழைப்பிதழ்.

கடைசி இரண்டும் நீ அறியாதவை. மற்றவை நாம் இருவரும் சேர்ந்து விழுங்கியவை.

நாம் செய்ய முனைந்த காரியம் எளிமையானது. கடலுக்குப் போகும் படகு எங்கே வலை போடப்போகிறது என்பதைக் கைபேசியில் திறக்கும் ஓர் இணையச் செயலியில் பதிய வேண்டும். படகு திரும்பாவிட்டால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும். செயலியை எழுதியவன் நான். நீ புளியங்குளத்தான், நான் அக்கராயன் ஊரான். இருவருமே குளத்து மனிதர். எங்கள் ஊரில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதைக் கூட்டம் வைத்து எல்லோர் முன்னும் பேசி முடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில், படகுகளின் இடங்களையும் எல்லோரும் பார்க்கும்படி ஒரே படத்தில் வைத்தேன். முதல் நாள் படத்தைத் திறந்தால், எல்லாப் படகும் மாதா கோயிலடியில், கரையிலேயே நின்றன. வரைபடம் தொடங்குகிற இடம் அது. மறுநாளும் அங்கேயே நின்றன. தலைமையகம் சொன்னபடி அம்புக்குறி வைத்தேன், விளக்கக் காணொளி வைத்தேன், எழுத்தைப் பெரிதாக்கினேன். ஒரு படகும் அசையவில்லை.

அப்போதுதான் கொழும்பு வேலையை விட்டுவிட்டு நீ திரும்பி வந்திருந்தாய். பிறருடைய செயலிகளில் மனிதர் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்பதே உன் தொழிலாக இருந்தது. என் படத்தைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழக நாட்களிலிருந்து மாறாத அந்தச் சிரிப்பைச் சிரித்தாய். "மச்சான், சனத்திட்டைக் கேட்டால் மரியாதைக்குப் பொய் சொல்லும். பக்கத்திலை இருந்து பார்."

கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகொன்றின் நிழலில் இருந்தோம். நாம் பக்கத்தில் இருந்து பார்க்க முதலில் சம்மதித்தவர், மீனவர் அந்தோனியின் மனைவி ஜெசிந்தா. மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கைபேசியை வாங்கினார். உன் கட்டளைப்படி நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இரண்டு விரல்களால் வரைபடத்தை விரித்தார். கடலை நகர்த்திக்கொண்டு போனார். ஓரிடத்தில், சிறிதும் தயங்காமல், நிறுத்தினார். பிறகு தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, படத்தைத் திரும்பக் கோயிலடிக்கு இழுத்துவந்து "சரி" என்பதை அமத்தினார். நான் எழுந்துவிட்டேன். நீ என் சட்டையைப் பிடித்து இருத்தினாய்.

"ஏன் தங்கச்சி, திருப்பிக் கொண்டந்தனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டாய்.

"இஞ்சை பாருங்கோ அண்ணை, அந்த இடம் எங்கடை இவரின்ரை தேப்பன் இவருக்கு மட்டும் காட்டிக் குடுத்தது. சொந்தத் தமையனுக்கே இவர் சொல்லேல்லை. உங்கடை படத்திலை போட்டால், விடிய முழுக்கரையும் அங்கை நிக்கும்."

"அப்ப கோயிலடி?"

"மாதா கோவிக்கமாட்டா."

நீ சிரித்தாய். அவர் நிறுத்தவில்லை. "அதோடை, கடலுக்கு வெளிக்கிடுற ஆம்பிளையிட்டை 'எங்கே போகிறீர்கள்' எண்டு கேக்குது உந்தப் போன். நான் கலியாணம் கட்டின நாள் தொட்டு ஒருக்காலும் கேட்டதில்லை. உங்கடை வீடுகளிலை கேக்கிறவையோ?"

"இவன்ரை வீட்டிலை இவன் எங்கை போறான் எண்டு ஒருத்தருக்கும் கவலையில்லை, தங்கச்சி," என்று என்னைக் காட்டினாய்.

திரும்பி வரும் வழியில் அந்த அறிக்கையை நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாசிக்கத் தெரியாதாம்! எங்களைவிட நன்றாக வாசித்துத்தான் அந்தக் கரை முழுவதும் பொய் சொல்லியிருந்தது. நாம்தான் கேட்கக் கூடாததை, கேட்கக் கூடாத நேரத்தில், ஊர் பார்க்கக் கேட்டிருந்தோம். நீ கோபப்படவில்லை. "கோவத்தைத் திரையிலை காட்டு மச்சான்," என்றாய்.

காட்டினோம். கேள்வியை நீக்கினோம். வீட்டார் பதியும் படகின் இடம் மூடியே இருக்கும்; அதைத் திறக்கிற பொத்தான் வீட்டிலுள்ளவர் கைபேசியில் இருக்கும்; திறந்தாலும், வீடு முன்கூட்டியே பெயர் சொன்ன படகுகளுக்கு மட்டுமே தெரியும். நீ இதையெல்லாம் முதலில் காகிதத்தில் கீறினாய். காற்று கொண்டுபோகாதபடி தாள்களின் மேல் கல் வைத்து, பெண்களை விரலால் அமத்திப் பார்க்கச் சொன்னாய். அந்தப் பொத்தானைச் சிவப்பாகத் தீட்டி, "அவசர அறிவிப்பு" என்று நான் எழுதியிருந்தேன். ஒருவரும் அதைத் தொடவில்லை. விரல்கள் அதன் அருகே வந்து மடங்கின.

"உதை அமத்தினால் ஊர் ஒப்பாரிக்கு வந்திடும்," என்றார் ஜெசிந்தா.

"அப்ப, ஆள் வரப் பிந்தினால் என்ன செய்வியள்?"

"என்னத்தைச் செய்யிறது? 'இன்னும் காணேல்லை' எண்டு பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவம். அவையும் வந்து பாப்பினம்."

நீ என் சிவப்புப் பொத்தானைக் கிழித்து எறிந்துவிட்டு, நீலப் பேனையால் "இன்னும் காணேல்லை" என்று எழுதி வைத்தாய். மறுநாள் எவரும் சொல்லாமலே விரல்கள் அங்கே போயின. அதன் பிறகும் நீ விடவில்லை. ஈரப் பெருவிரலுக்கு எட்டாத பொத்தான், வெயிலில் மறைகிற எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாய். திருத்துவோம், திரும்பவும் கரைக்குப் போவோம், திரும்பவும் வாய்மூடி இருப்போம்.

"கம்பஸிலை படிச்ச ரெண்டு பேர் விறைச்சுப்போய் இருக்கினம். ஒரு சொல்லுச் சொல்லித் தந்தால் வாய் தேஞ்சு போமோ?" என்று ஜெசிந்தா நையாண்டி செய்வார்.

"ஓம் தங்கச்சி, தேயும்," என்பாய் நீ.

கடைசியாக நீ பிடித்த பிடி எனக்கு அப்போது மிகையாகத் தெரிந்தது. செயலியை எழுதிய நான்கூட அந்த இடங்களைத் திறக்க முடியாதபடி பூட்டச் சொன்னாய். பூட்டினேன். நீ கரைப் பெண்கள் எல்லோரையும் கூட்டிச் சொன்னாய்: "வீடு அமத்தாமல் ஒருத்தரும் பாக்கேலாது. என்ரை வாக்கு." அடுத்த மாதம், மழைக்கு முந்திய ஒரு மாலையில், உன் நெஞ்சு நின்றுவிட்டது.

இனி நீ காணாததைச் சொல்கிறேன். மார்கழியில் வாடைக்காற்று இறுகிய ஒரு நாள், வெயில் ஏறியும் அந்தோனியின் படகு வரவில்லை. ஜெசிந்தா அமத்தினார். எனக்கு அழைக்கவில்லை, எவரிடமும் வழி கேட்கவில்லை. அவர் பெயர் கொடுத்திருந்த படகுகளில் ஒன்று, கணவர் தன் இடத்தைச் சொல்லாமல் ஒளித்த அதே தமையனுடையது. அந்த இடம் தமையனின் கைபேசியில் திறந்தது. அவர் நேரே அங்கே ஓடி, நீரோட்டம் இழுக்கும் திசையில் தேடிப்போய், இயந்திரம் நின்று அலைந்துகொண்டிருந்த தம்பியைக் கண்டுபிடித்துக் கட்டி இழுத்துவந்தார்.

செய்தி கேட்டு நான் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனும் தம்பியும் மணலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு காலமும் இதையோடா எனக்கு ஒளிச்சனீ?" என்றார் தமையன்.

"பாத்திட்டாய்தானே? இனி மறந்திடு," என்றார் அந்தோனி, உப்புப் படிந்த உதட்டோடு.

கரை முழுவதும் சிரித்தது. ஜெசிந்தா மட்டும் சிரிக்காமல் கைபேசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று நாம் வென்றோம், மச்சான். அந்த ஒரு வீட்டில் முழுமையாக வென்றோம். அதன் பிறகு மற்ற வீடுகளும் மெய்யான இடத்தைப் பதியத் தொடங்கிவிட்டன என்று ஜெசிந்தா சொல்லித்தான் அறிந்தேன். இன்று எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. இந்தத் தெரியாமையைப் போல் பெருமை தந்த வேலை என் வாழ்வில் வேறில்லை.

இந்த வெற்றியைத்தான் தலைமையகம் இப்போது பெரிய திரையில் காட்டப் பார்க்கிறது. பணிப்பாளர் இன்று முற்பகல் தொலைபேசியில் வந்தார். விருந்தினர் பார்ப்பதற்காகப் படகுகளின் இடங்களை விழாவன்று திறந்துவிட வேண்டுமாம்.

"ஒரு நாளைக்குத்தானே சார்?" என்றார்.

"முடியாது. அதை என்னாலேயே திறக்க முடியாது," என்றேன்.

"அப்படியென்றால் திறக்கிற மாதிரி மாற்றி எழுதுங்கள்."

"எழுதமாட்டேன்."

வேறொருவரைக் கொண்டு எழுதிக்கொள்வோம் என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. மத்தியானம் கரைக்குப் போய், உள்ளதை உள்ளபடி ஜெசிந்தாவிடமும் மற்றவர்களிடமும் சொன்னேன்.

"திறக்கட்டும்," என்றார் ஜெசிந்தா. "நாங்கள் எல்லாரும் திரும்பக் கோயிலடிக்குப் போவம். வாற பெரியாக்கள் மாதாவைக் கும்பிட்டிட்டுப் போகட்டும்." பிறகு குரல் தணிந்தது. "ஆனால் அண்ணை, அடுத்த வாடைக்கு ஆரையேன் காணாட்டி, எங்கை தேடுறது?"

அங்கேயே, எல்லோரும் கேட்க, உன் வாக்கை என் வாயாலும் சொன்னேன். இனி நான் சுமப்பது அதைத்தான். இன்று மாலைத் தபாலில் தலைமையகத்துக்குப் போகும் கடிதத்தின் கடைசிப் பந்தியை உனக்கும் வைக்கிறேன்:

"படகுகளின் இடங்களை எந்த விழாவுக்காகவும், எவர் பார்ப்பதற்காகவும் திறக்கவோ, திறக்கும்படி செயலியை மாற்றவோ மாட்டீர்கள் என்பதை, வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மறுமொழியை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். திருமதி ஜெசிந்தா அந்தோனியின் பெயருக்கு அனுப்பவும். தமிழில், கையொப்பத்தோடு, அவர் ஒரே தடவை வாசித்தால் விளங்கும்படி எழுதவும்."